டிராமா போர்டு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, சொல்கிறேன்.

ஆன்லைனில் மனநலப் படிப்பு ஒன்று முடித்தேன். சான்றிதழை லேமினேஷன் செய்து மாட்டி, கிருமாம்பாக்கம் மெயின்ரோட்டில் 'சிறுவயது டிராமா நிபுணர் ராஜ்மோகன்' என்று போர்டு வைத்தேன். சின்ன வயதில் மனதில் பட்ட காயத்துக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். முதலில் வந்தவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள்.

"அம்மன் திருவிழாவுக்கு டிராமா போடணும். சின்னப் பசங்க செட்டுக்கு இன்னா ரேட்டுபா?"

அடுத்து வந்தவன் என் சித்தப்பா மகன் பச்சையப்பன். பெண்டாட்டி இளவரசிதான் இழுத்து வந்தாள்.

"பஸ்ஸு கதவ மூடுனாலே எறங்கிடறாரு மாமா. கடலூர் வேல போயிடும் போலருக்குது."

"எப்பலேர்ந்துடா?"

"சின்ன வயசுலேர்ந்துண்ணே. நம்ம மோட்டார் கொட்டாயில யாரோ என்ன உள்ள வெச்சுத் தாப்பா போட்டுட்டாங்க. கத்துனேன், கத்துனேன். யாருன்னே தெரில."

இதற்கெல்லாம் பெரும்பாலும் அப்பாதான் காரணம் என்று பாடத்தில் இருந்தது.

"உங்கப்பாதான்டா" என்றேன்.

அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான். நல்ல முன்னேற்றம். சித்தப்பா மட்டும் வந்து நின்று, "நான் இன்னாடா பண்ணேன் அவன?" என்று கேட்டார். அப்பாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் பாடத்தில் இருந்தது.

அடுத்த கட்டம், பயத்தை நேருக்கு நேர் பார்ப்பது. அதே கொட்டகை, அதே கதவு. கத்திரி வெயில், தகரக் கூரை.

"தொறன்னா தொறந்துடுவியாண்ணே?"

"தொறப்பேன்டா, போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் தட்ட ஆரம்பித்தான். "போதும்ணே. மூச்சு முட்டுது. தொறண்ணே." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலும் இதே பாட்டுதான்.

"டிராமா பண்ணாதடா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. குணமாகிறான் என்று மெயின்ரோட்டுக்கு டீ குடிக்கப் போனேன். அங்கேயும் சர்க்கரை தூக்கல். வந்து திறந்தபோது பயம் சுத்தமாகப் போயிருந்தது. உயிரும்தான்.

துருப்பிடித்த தாழ்ப்பாள், உங்கள் ஆட்கள் இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை, நீ மட்டும் எப்படிப் போட்டாய் என்று கேட்கிறீர்கள். கதவை லேசாகத் தூக்கித் தள்ளணும், சார். சின்ன வயதிலேயே கை பழகிவிட்டது. அப்போதும் நான்தான் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றுதான் காலையிலிருந்து யோசிக்கிறேன். எனக்கும் ஒரு சின்ன வயது இருந்ததே, அதில் ஏதாவது காயம் இருக்கத்தானே வேண்டும். எங்கள் அப்பா என்னை ஒரு அடிகூட அடித்ததில்லை.

அதுதான் சார் காரணம். எழுதிக்கொள்ளுங்கள்.