மேகக்கோட்டை ராணியும் எங்கள் வீட்டு வழக்கும்

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, வாழ்வில் எத்தனையோ காட்சிகளைக் கண்டபின்னும் அடுத்த காட்சிக்கு ஆவலோடு காத்திருக்கும் பெரியோர்களே, கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டு எனக்குக் காது கொடுக்கும் தாய்மார்களே, கவிழ்க்க மனம் வராத தம்பி தங்கையரே, இந்த ரசிகர் மன்றத்தின் ஆண்டுவிழாவில் உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வாய் திறப்பதற்கு ஆட்களை வரிசையாய் உள்ளே அனுப்புகிறவள் நான். இன்று என்னையே வாய் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

மேகக்கோட்டைப் படவரிசையை அறியாதவர் இங்கே உண்டா? மூன்றாம் பாகம் முடியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நோயில் கிடக்கும் தாயையும் உடன்பிறந்தவனையும் கோட்டையில் விட்டுவிட்டு, ராணி வெள்ளைப் படகில் ஏறுகிறாள். படகு மேகத்தில் மிதக்கிறது, மேகம் படகை விழுங்குகிறது, திரை மெல்ல வெளுக்கிறது. அவள் போனது சரியா, தவறா? இயக்குநர் சொல்லவில்லை. படத்தை எடுத்த நிறுவனமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் சூட்சுமம் இருந்தது.

அதன்பின் என்ன நடந்தது? பேருந்தின் சன்னல் ஓரத்தில், அடுப்படி மேடையில், அலுவலக மாடிப்படியில், சின்னச் சின்னத் திரைகள் மின்மினிகளாய் மின்னின. பசி மறந்து, பணி மறந்து, பக்கத்தில் இருப்பவரை மறந்து வாதாடினோம். வாதம் சற்றே ஆறும் வேளையில் நிறுவனம் ஒரு புகைப்படம் வெளியிடும். ராணியின் ஒற்றைச் செருப்பு, அவ்வளவுதான். மறுபடி பற்றிக்கொள்ளும். விறகும் நாமே, விசிறியும் நாமே. குளிர்காய்ந்தவர் மட்டும் வேறொருவர்.

பின்வரிசையில் ஒரு தம்பி, "அவ போனது தப்புதான்" என்கிறார். பார்த்தீர்களா, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நான்காம் பாகத்துக்கு இந்த மண்டபத்திலும் ஓசியில் ஒரு விளம்பரம் ஆயிற்று. உட்காருங்கள் தம்பி, உங்கள் கட்சிக்காரர் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் அக்கா செவிலியர். எங்கள் வீட்டில் மூத்தவர். அம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குப் போனார். போகாவிட்டால் அம்மாவுக்கு வைத்தியம் நடந்திருக்காது. அடுத்தவர் அண்ணன், லிப்ட் பழுதுபார்ப்பவர். அவர் உடனிருந்தார். அம்மாவைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கண்மூடியபோது அக்காவால் வந்துசேர முடியவில்லை.

அதைப்பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியதெல்லாம் ராணியைப் பற்றி. "போகிறவளுக்குத்தான் பிரிவின் பாரம் தெரியும்" என்று அக்கா பதிவிடுவார். "இருக்கிறவனின் கண்ணீரை எந்தப் படகு ஏற்றிக்கொண்டது?" என்று அண்ணன் பதில் போடுவார். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். அந்த ஆரவாரத்தில் இரண்டு பிள்ளைகள் அம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தது யார் காதிலாவது விழுந்ததா?

ஒருநாள் அண்ணன் கிரீஸ் படிந்த கையோடு கைப்பேசியை நீட்டினார். "பாத்தியா, என் வரிய விளம்பரத்துல போடலாமான்னு கம்பெனியே கேக்குது. சரின்னுட்டேன்."

சில வாரம் கழித்து அக்கா ஊருக்கு வந்தார். அழைத்துவர நான் மட்டும்தான் போயிருந்தேன். விடிந்தும் விடியாத பனியில் விமான நிலையமே விண்ணில் மிதப்பதுபோல் இருந்தது. பனி விலக விலக, எதிரே ஒரு விளம்பரப் பலகை மெல்ல எழுந்தது. வெண்மேகம், வெள்ளைப் படகு, அதன்மேல் ஆள் உயர எழுத்தில் ஒரு வரி: 'விட்டுப்போனவளுக்கு இந்த வாசல் திறக்காது.'

பெட்டி வண்டியைத் தள்ளி வந்த அக்கா நின்றுவிட்டார்.

"இது அவன் எழுதினதுதானே?"

"படத்துக்கு எழுதினதுக்கா."

"படத்துக்கா?" வண்டியை வந்த பக்கமே திருப்பினார். "திரும்பிப் போக டிக்கெட் கிடைக்குமான்னு கேளு."

நான் அண்ணனை அழைத்தேன். "அண்ணா, உன் போர்டுக்குக் கீழ அக்கா நிக்கிறா. படிச்சிட்டா."

வேலை உடுப்போடே ஓடிவந்தார். அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கைத் திரையில் ஒரு வரியாய் இருந்தது, இங்கே ஒரு மதிலாய் நின்றது.

"நான் ராணியத்தான்க்கா..."

"ராணிய விடுடா. எங்கிட்ட கேளு."

"ஏன் வரல?"

அவையோரே, ஆயிரம் பதிவுகளில் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"லீவு கேட்டேன். மாத்து ஆள் வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. உனக்குப் போன் பண்ணேன், நீ எடுக்கல."

"எடுத்தா அழுதிருப்பேன்."

"நானும் அதுக்குத்தான்டா பண்ணேன்."

அண்ணன் வண்டியை வாங்கிக்கொண்டார். "வாக்கா, வீட்டுக்குப் போலாம்."

அந்த வரியை எடுத்துவிடுங்கள், அது என் குடும்ப விஷயம் என்று மறுநாளே நிறுவனத்துக்கு எழுதினார். பதில் பணிவாக வந்தது: உங்கள் உணர்வை மதிக்கிறோம், இந்த உருக்கமான கதையையும் வெளியிட அனுமதிப்பீர்களா? சிரிக்கிறீர்கள். அண்ணனும் சிரித்தார், அன்றைக்கு முதன்முறையாக.

ரசிகப் பெருமக்களே, ரசிப்பது குற்றமா? இல்லை. வாதாடுவது வீணா? இல்லவே இல்லை. கதையைக் கொண்டாடுங்கள், கனவில் நீந்துங்கள். ஆனால் நெஞ்சு கொதித்து ஒரு வரி எழுதும் முன், இது யாரிடம் சொல்ல வேண்டிய சொல் என்று ஒருகணம் கேளுங்கள். அவர் எண் உங்களிடம் இருந்தால், ஊருக்கு எழுதாதீர்கள். அவரை அழையுங்கள்.

நான்காம் பாகத்துக்கு மூவரும் போனோம். ராணியின் படகு மேகம் கிழித்து வருகிறது, அரங்கமே எழுந்து நிற்கிறது. அக்காவோ அண்ணன் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிவிட்டார். அண்ணன் அசையவே இல்லை. வெளியே ஒருவர் கேமராவை நீட்டி, "ராணி செஞ்சது சரியா சார்?" என்று கேட்டார்.

"கவனிக்கலைங்க. எங்க அக்கா தூங்கிட்டிருந்தா" என்றார் அண்ணன்.

பொறுமையோடு செவி தந்த உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி, இல்லம் சேரும்வரை உங்கள் வழியெல்லாம் இனிதாகுக என வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.