காய்ந்த வடிகாலில் ஒரு லாரித் தண்ணீரை ஊற்றியவருக்கு

"குடிக்கத் தண்ணி இல்லாம குடமெல்லாம் வரிசையில நிக்குது, இவங்க காஞ்ச கால்வாய்ல லாரித் தண்ணிய ஊத்தப் போறாங்களாம். கேக்க ஆளில்லையா?" என்று கேன்டீன் அக்கா கரண்டியும் கையுமாகக் கிளம்பி வந்த காலையிலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க வேண்டும். தங்கள் அருமை எங்களுக்கு விளங்கத் தொடங்கியது அன்றுதான். அதற்கு முன் தங்களைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அவையில் சொல்லத் தக்கதல்ல.

மூடிய சுரங்கத்தின் மண்மேட்டை முகம் கோணாமல் காத்த மாண்பே! வானம் வறண்டபோதும் வடிகாலை மறவாத வல்லமையே! துளி மழையில்லாத ஆண்டுகளிலும் தோளிலிருந்து குடை இறங்காத எங்கள் குடைக்காரம்மா அவர்களே! வணக்கம்.

மழையே இல்லாத இடத்தில் குடை எதற்கு என்று நாங்கள் ஆராயாத நாளில்லை. நிறம் கறுத்துவிடும் என்ற பயம் என்றார் எடைமேடைக்காரர். நாய்க்குப் பயம் என்றார் காவலாளி. பிறகுதான் தெரிந்தது, தங்கள் கையில் அது குடையே அல்ல. வடிகாலில் சேர்ந்த மண்ணைக் குத்திப் பார்க்கும் கோல். காய்ந்து கிடக்கும் வடிகாலை வீணாக்குவானேன் என்று நாங்கள் அதில் துணி உலர்த்தினோம், கோழிக்கூடு வைத்தோம், உடைந்த நாற்காலிகளை அடுக்கினோம். தாங்கள் ஒன்று விடாமல் எடுக்க வைத்தீர்கள். கோழிகளுக்கு இடம் காலி செய்ய நோட்டீஸ் கொடுத்த ஒரே ஆய்வாளர் தாங்கள்தான் என்பதை இந்த அவையில் பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

வறட்சி முற்றி மேடு முழுதும் பழுப்பேறியபோது, எங்கள் குடியிருப்புக்கு நேர் மேலே ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. மேலாளர் வருகிறவர்களையெல்லாம் அங்கேதான் அழைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அந்தச் செடிகளை நட்ட நாற்றுக்காரருக்கோ அந்தத் திட்டுதான் எதிர்காலம். செடி பிழைத்தால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் மகளைத் தருவதாகக் கேன்டீன் அக்கா சொல்லியிருந்தார். அம்மா சொல்லும் முன்பே மகள் முடிவு செய்துவிட்டது குழாயடி வரைக்கும் தெரிந்த ரகசியம்.

ஊரே மெச்சிய அந்தப் பச்சையைப் பார்த்து முகம் சுளித்தவர் தாங்கள் ஒருவர்தான். இந்த வறட்சியில் இந்த ஓரிடத்துக்கு மட்டும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். உச்சியில் நாற்றுகளுக்காக வைத்த தண்ணீர்த் தொட்டி வழிந்து வடிகாலில் இறங்குகிறது, எங்கோ ஒரு வெடிப்பில் மேட்டுக்குள் போகிறது, நாளை பெருமழை வந்தால் மேட்டின் தண்ணீர் முழுவதும் அதே வழியில் நுழைந்து மண்ணோடு எங்கள் கூரைமேல் இறங்கும் என்றீர்கள். நாங்கள் நம்பவில்லை. அடுத்தவர் வளர்த்த செடி பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டோம். மேலாளர் ஆதாரம் கேட்டார். அதற்காகத்தான் எங்கள் தண்ணீர் லாரியை மேட்டுக்குத் திருப்பினீர்கள்.

கேன்டீன் அக்காவின் கோபம் தண்ணீருக்காக மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடறீங்களேம்மா" என்று கேட்டேவிட்டார். "மண்ணு உங்க வீட்டு மேல விழக்கூடாதுன்னுதான்கா பாக்கறேன்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. லாரிக்காரரிடம் குழாயைத் திறக்கச் சொன்னீர்கள்.

நாங்கள் குடங்களோடு பார்த்திருக்க, பாதி மேடு வரை சலசலத்து வந்த தண்ணீர் ஒரு வளைவில் மெலிந்து, அடுத்த எட்டில் காணாமல் போயிற்று. கீழே வடிகால் முடியும் குளத்துக்கு ஒரு சொட்டு வந்து சேரவில்லை. சற்று நேரத்தில் பச்சைத் திட்டின் அடியில் மண் கறுத்துக் கசிந்தது. அங்கிருந்து எங்கள் கொல்லைச் சுவர் கூப்பிடு தூரம். கேன்டீன் அக்கா ஓங்கிய கரண்டியை இறக்கினார். திட்டைத் தோண்டித்தான் ஆக வேண்டும் என்று ஆனதும் நாற்றுக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் வென்றோம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். தாங்கள் அவரை எழுப்பினீர்கள். "வாங்க தம்பி, பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. உங்க செடிய இன்னும் பாக்கலையே" என்று சொல்லி, எல்லோரும் செத்துவிட்டதாகக் கைகழுவிய பழுப்புச் சரிவுக்கு மேலாளரையும் சேர்த்து ஏற்றினீர்கள். ஒரு குச்சியை நகத்தால் சுரண்டினீர்கள். பட்டைக்குக் கீழே இளம்பச்சை. காய்ந்த புல்லைப் பிடித்து இழுத்தீர்கள், வேர் மண்ணைப் பிடித்த பிடியை விடவில்லை. மேலாளரையே சுரண்டிப் பார்க்கச் சொன்னீர்கள். தன் நகத்தில் அழுக்கேற அவர் ஒவ்வொரு செடியாகச் சுரண்டிக்கொண்டு போன காட்சியை நாங்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறோம்; அவர் மன்னிக்க வேண்டும்.

"பச்சையா இருந்தது கசிவு சார். காஞ்ச மாதிரி நிக்குதே, இதுதான் இவர் வளர்த்தது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு வேலை நிரந்தரமாயிற்று.

வெடிப்பை அடைத்தார்கள். ஒரு நாள் குளிக்காமல் இருந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் மழை வந்த பிற்பகலையும் மறக்கவில்லை. தண்ணீர் எங்கள் சுவர்களை எட்டிக்கூடப் பார்க்காமல் வடிகாலோடு போய்க் குளத்தில் விழுந்தது. அந்த வளைவில் தாங்கள் நின்றீர்கள், தொப்பலாக. மண்ணைக் குத்திக் குத்திக் கம்பி வளைந்த குடை, வேண்டிய அன்று விரியவில்லை.

ஆகவே இம்மடலோடு ஒரு புதுக்குடையும் தருகிறோம். இதை விரிக்க மட்டும் பயன்படுத்துமாறு வேண்டுகிறோம். பணி ஓய்வு பெற்றுத் தங்கை வீட்டுக்குக் குடிபெயர்கிறீர்கள் என்று கேள்வி. அந்தத் தெருவின் சாக்கடையில் எதையாவது போட்டு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுதாபம். உடல் நலமும் உள்ள மகிழ்ச்சியும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! காவலாளி தன் மகன் வீட்டோடு போய்விட்டார். கோழிகள் குளக்கரைக்கு மாறிவிட்டன. நாற்றுக்காரருக்கும் கேன்டீன் அக்கா மகளுக்கும் கல்யாணம் ஆகி, மேட்டின் அடியிலுள்ள கடைசி வீட்டில் குடியிருக்கிறார்கள். மழை பெய்தால், மேட்டை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல், நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நன்றி மறவாத,
மண்மேட்டுச் சீரமைப்புப் பணியாளர்களும் அதன் அடிவாரத்தில் குடியிருப்போரும்