ஒரு கட்டு குருத்திலை

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறிய பெரியவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டு வாழையிலை, எல்லாம் குருத்து. ஏதோ கல்யாண வீட்டுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். அவர் பக்கத்தில் இருந்தவர் கேட்டேவிட்டார்.

"வீட்ல விசேஷமா அண்ணாச்சி?"

"இல்லய்யா. மவன் தீக்காயத்தோட பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கெடக்கான். மெத்தைல கெடத்துனா தோலு ஒட்டிக்கிடுது."

"அய்யோ. எப்படி அண்ணாச்சி?"

"காரு எரிஞ்சிட்டு."

"கரண்டு காரா? பேட்டரி வெடிச்சு எரியுதத தெனமும் செல்லுல காட்டுதாங்களே!"

"நானும் அதப் பாத்துத்தான் கரண்டு காரே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னேன். பெட்ரோல் காருன்னா நமக்குப் பழகுனதுல்லான்னு பழசா ஒண்ண வாங்க வச்சேன்."

பஸ் கருங்குளம் தாண்டியது. பெரியவர் இலைக்கட்டில் தண்ணீர் தெளித்தார்.

"வண்டிக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதுப்பான்னு நாலு நாளாச் சொன்னான்."

"மெக்கானிக்குட்ட காட்டலியா?"

"காட்டிட்டு வாரேன்னுதான் நின்னான். பெட்ரோல் வண்டில பின்ன மல்லியப்பூவா மணக்கும், வேலைக்குக் கெளம்புலேன்னேன். அவனும் சிரிச்சிக்கிட்டேதான் வண்டிய எடுத்தான்."