சிரிப்பால் சொற்பொருள் பிரித்த தட்டச்சர் அக்காவுக்கு

இன்று மாலை ஐந்து மணி முதல் எந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கூற எவரும் இருக்கமாட்டார் என்பதை அவையோருக்கு ஆழ்ந்த கவலையோடு அறிவித்துக்கொள்கிறோம்!

விசைப்பலகையின் வித்தகியே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காது முத்து முத்தாய்த் தட்டிய மூத்தவரே! எங்கள் அன்பு அக்காவே!

ஒரு சொல்லுக்குப் பொருள் ஒன்றா ஒன்பதா என அறிய நம் அகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர் வகுத்த முறையை உலகம் அறியாது. அச்சொல்லின் இரண்டு பயன்பாடுகளை ஒரே வாக்கியத்தில் கட்டி, தங்கள் மேசைமுன் நின்று உரக்க வாசிப்பார். "அவர் குடையையும் ஓய்வையும் எடுத்தார்." தாங்கள் சிரித்தால் பொருள் இரண்டு, சிரிக்காவிட்டால் ஒன்று. ஐந்து தொகுதிகள் இப்படித்தான் எழுந்தன!

ஆறாம் தொகுதியில் 'பிடி' வந்து எங்கள் நிம்மதியைக் கெடுத்தது. "பந்தையும் பேருந்தையும் பிடித்தான்" என்றதற்குச் செவ்வாயன்று சிரித்தீர்கள், வியாழனன்று சிரிக்கவில்லை. ஒன்றென்று சேர்த்தால் பிரிகிறது, இரண்டென்று பிரித்தால் ஒட்டிக்கொள்கிறது. அச்சொல் எழுதிய அட்டை ஏழு முறை பெட்டி மாறிவிட்டது. மாதக் கடைசியில் தொகுதி அச்சுக்குப் போகவேண்டும். தாங்களோ இன்றே பணி ஓய்வு பெற்றுப் போகிறீர்கள்.

மாற்று ஏற்பாடு பார்க்காமலில்லை. கணக்கர் எதற்கும் சிரிப்பதில்லை. அவரை நம்பினால் சொல்லுக்கொரு பொருள்தான், அகராதி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். வாயிற்காவலர் வாக்கியம் முடியுமுன்பே சிரிக்கிறார். அவரை நம்பினால் தொகுதிகளை அடுக்கக் கட்டடம் போதாது. இவ்விருவருக்கும் நடுவே நின்ற நடுநிலை நகையே தங்களுடையது!

ஆகவே நேற்றுத் தேநீர் வேளையில் எல்லோரும் தங்களைச் சூழ்ந்துகொண்டோம். எந்த விதிப்படி சிரித்தீர்கள், அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று பதிப்பாசிரியர் கேட்டார். தாங்கள் தட்டச்சுப்பொறிக்கு உறை போட்டபடியே சொன்னீர்கள்:

"விதியெல்லாம் எனக்குத் தெரியாது சார். வாக்கியத்த நான் கவனிச்சதே இல்ல. மூக்கு நுனில கண்ணாடிய வச்சுக்கிட்டு, என்னமோ குடிமுழுகிப் போற மாதிரி படிப்பீங்கள்ல, அதப் பாத்தா சிரிப்பு வந்துரும். கையில வேல நிறைய இருந்தா வராது."

அதன்பின் யாரும் தேநீரைத் தொடவில்லை.

வாய்மைக்கு வாழ்த்து, அக்கா! நோயணுகாது, நூறாண்டு தாண்டி, வேலைப்பளு இன்றி, வேண்டிய மட்டும் சிரித்து வாழ்க! அச்சான ஐந்து தொகுதிகளைப் பற்றி மட்டும் வெளியே எவரிடமும் பேசவேண்டாமென இருகரம் கூப்பி வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
அகராதி அலுவலகப் பணியாளர்கள்

(முதன்மைப் பதிப்பாசிரியர் இன்று விடுப்பு.)