மேல்வலை

கும்பிடுபூச்சி ஏன் விழுகிறது என்பது என் மகள் ஜிஷாவுக்குப் பிடிபடவே இல்லை. கொய்யா மரத்தில் கிடைத்த முட்டைக்கூட்டிலிருந்து அவளே வளர்த்தெடுத்த பூச்சிகள். சின்னதாக இருந்தபோது பாட்டிலுக்குள் துணியைப் பிடித்துத் தொங்கி, ஒவ்வொரு தோலையும் ஒழுங்காக உரித்தன. பெரிய பெட்டிக்கு மாற்றியபிறகு, சிறகு வெளியே வரவேண்டிய அந்தக் கடைசித் தோலை உரிக்கும்போது மட்டும் பாதியில் பிடி விட்டுக் கீழே விழுந்தன. ஈரம் போதவில்லையோ என்று தண்ணீர் தெளித்தாள். வெயில் கூடுதலோ என்று ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினாள். இரையை மாற்றினாள். பெட்டியை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. பெட்டி செய்தது நான்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்த மூடியைப் பார்த்துவிட்டேன், டீச்சர். சோதித்துப் பார்க்க ஜிஷாவிடமிருந்து ஒரு பூச்சியோடு நீங்கள் வாங்கிப்போன பெட்டியின் மூடி அது. பஸ்ஸில் சட்டம் உடைந்ததால் பதிலுக்குப் பழைய துணி கட்டினீர்கள். உங்கள் வீட்டில் பூச்சி நல்லபடியாக உரித்துச் சிறகு விரித்தது. அவள் வேதக்கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்திருக்கிறீர்கள். அதுவும் நல்லதுதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

திங்கள்நகரில் எனக்குக் கொசுவலைக் கடை. ஜன்னலை அளந்து, அலுமினியச் சட்டம் அடித்து, வலை இழுத்துக் கொடுப்பேன். ஜிஷா பெட்டி கேட்டபோது மிகவும் ஆசையாகச் செய்தேன். பக்கத்தில் நின்று கேலி பேசினாள்.

"இத்தன வருஷமும் பூச்சி உள்ள வராம இருக்கதுக்கு வலை அடிச்சீங்க. இப்ப வெளிய போவாம இருக்கதுக்கு அடிக்கீங்க. கடை போர்ட மாத்துங்கப்பா."

"வாய் பேசாம சட்டத்தப் பிடி மக்களே" என்றேன்.

இந்தப் பூச்சிக்குத் தோல்தான் எலும்பு. உடம்பு வளரும், தோல் வளராது. அதனால் பழைய தோலுக்கு உள்ளேயே புதியதைத் தயார்செய்துகொண்டு, ஒருநாள் இரை தின்பதை நிறுத்திவிடும். முதுகிலிருக்கும் சிறகு மொட்டு உப்பும். பிறகு உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும். முதுகு பிளக்க, தன் எடையாலேயே பழைய தோலுக்குள்ளிருந்து கீழே வழுக்கி இறங்கும். அந்த நேரம் அதன் புதுக்கால் வேகாத சேமியாபோல் இருக்காது, வெந்த சேமியாபோல் இருக்கும். தாங்கிப் பிடிப்பது பழைய தோலின் பின்னங்கால் கொக்கிகள் மட்டும். அதாவது, கழற்றிப் போட்ட சட்டையே ஆணியில் மாட்டிக்கொண்டு ஆளைத் தாங்குகிறது. இதைவிட அழகான வேலையை நான் பார்த்ததில்லை. அந்தப் பிடி விட்டால் பூச்சி தரையில் மடங்கி, மடங்கிய கோணத்திலேயே இறுகிவிடும்.

முதல் பெட்டியில் நடந்தது கைப்பழக்கம். நழுவு ஜன்னலுக்கு வலை அடித்து முடித்ததும், சட்டம் சிக்காமல் ஓடச் சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்போம். மூடியைச் செய்து முடித்தவுடன் கை தானாக டின்னை எடுத்தது, வலையிலும் பட்டது. காய்ந்தபின் நிறமில்லை, வாசனையில்லை. நான் போட்டது மிக நெருக்கமான வலை. கொக்கி அதன் கண்ணுக்குள் நுழையாது, நூலின் சொரசொரப்பில்தான் பிடிக்கவேண்டும். ஆறு காலால் நடக்கும்போது சமாளித்துக்கொள்ளும். இரண்டு காலில் தொங்கும்போது முடியாது.

முதல் பூச்சி விழுந்த அன்று மூடியை விரலால் தடவினேன். உடனே விளங்கியது. சொல்வதற்காகத்தான் ஜிஷாவின் அறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, இதக் கொல்லணும்பா. நோவும் அதுக்கு. எனக்குக் கழியாது. நீங்க செய்யுங்க" என்றாள். தீப்பெட்டிக்குள் வைத்து, ஃப்ரீஸரில் சாளை மீன் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிரில் மயங்கித்தான் சாகும், வலி குறைவு. திரும்பி வந்தபோது என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாய்ந்தது, அதற்குப் பிறகு அன்றுதான். அன்று அவள் பெங்களூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெங்களூர் விஷயம் நீங்கள் ஏற்பாடு செய்ததுதான். தன் கையால் வளர்த்த பூச்சியின் கடைசித் தோலுரிப்பைப் படம் எடுத்து அனுப்பினால் அங்குள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைக்கும். என் மனைவி ராகேல் குவைத்திலிருந்து வீடியோவில் சொன்னாள், "ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வரட்டும்." அவளும் ரெண்டு வருஷம் என்றுதான் போனாள். அப்போது ஜிஷா ஐந்தாம் வகுப்பு. ராகேலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் அனுப்பியதில்தான் இந்த வீடு நிற்கிறது.

அடுத்த மூடிகளில் அடித்தது கைப்பழக்கத்தால் இல்லை, தெரிந்தேதான். பூச்சி தின்பதை நிறுத்துகிறதா என்று பார்த்திருப்பேன். சிறகு மொட்டு உப்பியதும், ஜிஷா கோயிலுக்குப் போகும் ஞாயிறன்று, "முட்டு வலிக்கு மக்களே, நீ போ" என்று சொல்லிவிட்டு மூடியைப் பின்முற்றத்துக்கு எடுத்துப்போய் ஸ்ப்ரே அடித்து, காயவைத்து, திரும்பப் பொருத்துவேன். காயாமல் பொருத்தினால் ஆவியில் பூச்சி மயங்கிவிடும். அப்படி ஒருநாளும் விட்டதில்லை. அவ்வளவு கவனமாக இருந்தேன்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவள் வெட்கத்தோடு ஒரு விண்ணப்பம் வைத்தாள். வளர்க்கிற பூச்சிகளுக்காக ஜெபிக்கவேண்டும் என்றாள். எதிர்வீட்டுப் பேபி சிரித்துவிட்டாள். "ஏட்டி, கும்பிட்டுட்டே இருக்க பூச்சிக்கு நாங்க வேற ஜெபிக்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போதகர் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் குரல்தான் உரக்கக் கேட்டது. அதற்குப் பிறகு நான் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. அதற்கும் முட்டுவலி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இன்னொன்று விழுந்தது. அவள் அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்க கையில ஒண்ணும் உயிரோட நிக்காது போலப்பா. நான் இதுக்கு உள்ள ஆளில்ல. கடையில வந்து ஒங்களுக்குக் கணக்குப் பாக்கட்டா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் செய்திருந்தேன். அவள் அறைக்குப் போனபிறகு வாஷ்பேசினில் கையைக் கழுவினேன். சிலிக்கான் சோப்பில் போகாது, டீச்சர். ஒரு வழுவழுப்பு கிடந்துகொண்டே இருக்கும். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம் என்றுதானே பார்க்கிறீர்கள்.

உள்ளே ஒரு பூச்சி மீதி இருக்கிறது. கடைசிப் பூச்சி. நேற்றிலிருந்து தின்னவில்லை. ஜிஷா நம்பிக்கை இல்லாமலே கேமராவை வைத்திருக்கிறாள். இன்று காலையிலும் அதன் பெட்டி மூடிக்கு ஸ்ப்ரே அடித்தேன். அவள் என்கூட இருந்தால்தான் அவளுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்தேன். அவளுக்கு நல்லது என்று.

இன்னும் உரிக்கத் தொடங்கவில்லை. நேரம் இருக்கிறது. அந்த மூடியைக் கழற்றிவிடுங்கள். நான் தொடவேண்டாம். கதவுக்குப் பின்னால் சணல் சாக்கு தொங்குகிறது. அதில் ஒரு துண்டு வெட்டி, தொய்யாமல் இழுத்துப் பெட்டியின் வாயில் கட்டுங்கள். பூச்சியின் நீளத்துக்கு மூன்று மடங்கு இடம் கீழே காலியாக இருக்கவேண்டும். அங்கே கிடக்கும் குச்சியை எடுத்துவிடுங்கள். வெட்டுக்கிளி உள்ளே இருந்தால் வெளியே விடுங்கள், தொங்குகிற பூச்சியை அது கடிக்கும். சாக்கில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பெட்டியை மடியில் வைத்து, குலுங்காமல் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் கோயிலில் நிறுத்தி, ஜிஷாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.