இருநூற்றுப் பதின்மூன்றில் ஒரு வரி

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். கேட்டதற்கு நன்றி. பதினோரு வருஷமாக எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் வேலை லேசானதுதான். யார், எந்தத் தொகுதி எண்ணுள்ள மாத்திரையை வாங்கினார் என்று மருந்துக் கடைகளிலிருந்து ஒரு கோப்பு வரும்; ஒன்பது கோடி வரிகள். தயாரிப்பில் கோளாறு என்று திரும்பப் பெறும் தொகுதிகளின் பட்டியல் சின்னது, இருநூற்றுப் பதின்மூன்றே வரி. இரண்டையும் பொருத்தி, வாங்கியவர்களுக்கு 'சாப்பிடாதீர்கள்' என்று தகவல் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் இரண்டையும் வரிசைப்படுத்திப் பொருத்துவதற்குள் ஒரு பகல் போய்விடும். சின்னப் பட்டியலை முழுசாகக் கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பெரிய கோப்பை ஒரே தடவை படித்தால் போதும் என்று செய்து பார்த்தவன் நான். பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது.

அதை மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், மேலிடத்தில் தன் வேலையாகக் காட்டினார். அவரை எங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டவனே நான். கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன மச்சான், உன்னுது என்னுதுன்னு?" என்று தோளில் தட்டிவிட்டு, புதிதாகக் கிடைத்த தனி அறைக்குள் போனார்.

தங்கையிடம் போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"நான்தாண்ணா அவரைச் சொல்லச் சொன்னேன். நீ எப்படியும் வாயத் திறக்க மாட்டே."

சின்ன வயதில் அவள் இதயத்தில் ஓட்டை என்றபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று வாரம் கிடந்தவன் நான். என் வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

மறுநாள் சின்னப் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்தேன். பட்டியலில் இல்லாத எண்ணைக் கணினி சும்மா தாண்டிப் போய்விடும். பிழை என்று காட்டாது. மாப்பிள்ளையின் பெயரில் ஓடும் வேலை ஒரு தடவை சறுக்கட்டும், அப்போதாவது என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். முப்பத்தாறு பேருக்குத் தகவல் போகவில்லை. அதில் நான்கு பேர் இறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நான்காவது என் தங்கை. மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

ஏதோ ஒரு வரியை எடுத்தேன் என்று நேற்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். முதலில் பெரிய கோப்பில் அவள் பெயரைத் தேடினேன். அவள் தினமும் போடும் இதய மாத்திரையின் எண் பட்டியலில் இருந்தது. அந்த வரியைத்தான் எடுத்தேன்.

அந்த மாத்திரையைப் போடாதே என்று போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதலில் அவள் கூப்பிடட்டும், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும் என்று மூன்று வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அவளைக் கொன்றது அதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.