மூன்றாம் டிவிஷன் பெரட்டு

பகல் மூன்றரை மணி. லகாட் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற செம்மண் பாதை. ஒரு பக்கம் ரப்பர் மரம், இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு லாலான் புல்... நடுவில் ஒரே ஒரு மோட்டார்.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? துரைமார் கிளப்பில் ஆடி முடிக்க இன்னும் நேரம் கிடக்கிறது. மழையும் விடப்போவதில்லை. அந்த விளக்கை இப்படி நடுவில் வையுங்கள். வண்டியைத் துடைக்கிறேன் என்று யாரும் எழுந்து போகவேண்டாம். போகிறவன் தனியாகத்தான் போகவேண்டியிருக்கும்.

அந்த மோட்டாரை ஓட்டியவன் என் கூட்டாளி பத்துமலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவன் அக்காள் கருப்பம்மாள். பங்களாவில் ஆயா வேலை. பின்னால் பெரிய துரை, துரைசாணி, அமெரிக்காவிலிருந்து விருந்துக்கு வந்த புருஷன் பெண்சாதி இரண்டு பேர். இது என் காதில் விழுந்த வதந்தி இல்லை. பத்துமலையே சொன்னது. கருப்பம்மாளும் சொன்னது.

அமெரிக்காக்காரர்கள் துரைசாணியின் சிநேகிதர்கள். போன குளிர்காலத்தில் அவள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது இவர்களுக்கு இங்கிலாந்தைச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். அங்கே அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். அதனால் காலையில் ஒரு கோட்டை, மத்தியானம் ஒரு பழைய மாதா கோயில், வெளிச்சம் போவதற்குள் கணப்பு எரிகிற சத்திரத்தில் டீ என்று திட்டம் போட்டுக் கூட்டிப் போவாளாம். இங்கேயும் அதே திட்டம்தான். பனிக்குப் பதிலாக மழை, அவ்வளவுதான் வித்தியாசம். சாயங்காலம் வானம் பொத்துக்கொள்ளும், அதற்குள் வீடு திரும்பவேண்டும். ஒரு நாள் ஈயச் சுரங்கம். ஒரு நாள் ஈப்போ குகைக் கோயில். பாகான் டத்தோவில் கடலைக் காட்டலாமா என்று துரைசாணி கேட்டாள். "ரோடெல்லாம் தண்ணி, போறது சுசாலா அம்மா, ரொம்பக் கஷ்டம்" என்று பத்துமலை சொன்னதும் அதை விட்டுவிட்டாள். கடைசி நாள் தெலுக் ஆன்சன் போய்ச் சாய்ந்த மணிக்கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த அமெரிக்காக்காரி வாயைத் திறந்தாள். இங்கிலாந்தில் காலிக் கோட்டைக்கெல்லாம் ஒரு பேய் இருந்ததாம். இவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். பத்துமலைக்கு இங்கிலீஷ் அரைகுறையாகப் புரியும். இது நன்றாகவே புரிந்தது.

துரை சிரித்தான். பேய் இருக்கிறதோ என்னவோ, காலி ஊர் ஒன்று இருக்கிறது என்றான். பத்துமலையின் தோளைத் தட்டினான். "மூணாம் டிவிஷன் போ."

கருப்பம்மாள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "வேணான்டா. நேரா பங்களாவுக்கு விடு."

"துரை சொல்றாருக்கா. நான் என்ன செய்ய?"

"வண்டி ஓடலன்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். ஆனால் சொல்கிற தைரியம் இங்கே இருக்கிற எத்தனை பேருக்கு இருக்கிறது?

மூன்றாம் டிவிஷன் என்னவென்று இங்கே சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விஷக்காய்ச்சல் வந்த வருஷம். மற்ற டிவிஷனுக்குப் பரவக்கூடாது என்று துரை பாதையில் சங்கிலி கட்டிக் காவல் போட்டான். இதே துரைதான். உள்ளே இருக்கிற ஆள் ஒருத்தரும் வெளியே வரக்கூடாது. ஆனால் பெரட்டு நிற்கவில்லை. விடிவதற்குள் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள், லயத்து வீடுகளிலிருந்து ஜனம் வந்து வரிசையில் நிற்கும். அப்பாவு கங்காணி பேர் கூப்பிடுவார், "இருக்கேன்" என்றவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவான். சங்கிலியைத் தாண்டிப் பால் மட்டும் வெளியே போகலாம், ஆள் போகக்கூடாது. அப்படியே ஒவ்வொருவராக வரிசையில் குறைந்தார்கள். கடைசியில் கங்காணியும் போய்ச்சேர்ந்தார்.

கருப்பம்மாளின் புருஷன் சன்னாசி அங்கேதான் செத்தான், பால் வாளி கையில் இருக்க. அவள் கைக்குழந்தை பாப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சதுப்புக் காட்டுக்குள் இறங்கி ஈப்போவுக்கு ஓடினாள். அவள் பேரை யாரும் பெரட்டிலிருந்து வெட்டவில்லை. வெட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

பிறகு தம்பிக்கு டிரைவர் வேலை கிடைத்ததும் அவளும் பங்களாவுக்கு வந்தாள். அங்கே அவளுக்குப் பேர் ஆயா. வேறு பேர் உண்டா என்று துரை ஒரு நாளும் கேட்டதில்லை.

வண்டி நின்றது. லயத்துக் கூரையெல்லாம் இறங்கிக் கிடந்தது. பெரட்டுக் களத்தில் முழங்கால் அளவு புல். மரத்தில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காக்காரிக்குப் பெரட்டைப் பார்க்கவேண்டும் என்று முதல் நாளிலிருந்தே ஆசை. ஆனால் அந்த நேரத்துக்கு எழுந்திருக்க அவர்களால் முடியவில்லை. அதற்கென்ன, இப்போது காட்டுகிறேன் என்று துரை கீழே கிடந்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்தான். பத்துமலையையும் கருப்பம்மாளையும் வரிசையில் நிற்கச் சொன்னான்.

பத்துமலை போய் நின்றான்.

"நான் நிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

துரை அதைக் காதில் வாங்கவில்லை. அடித்தான்.

டங்... டங்... டங்...

சத்தம் மரங்களுக்குள் போய் அடங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு பூச்சி கத்தவில்லை. மழைக்கு முன்னால் ஒரு காற்று வருமே, அதுவும் நின்றுவிட்டது.

முதலில் வாடைதான் வந்தது. புளித்த பால் வாடை... அதற்குள் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தின் கசப்பு. பிறகு வாளியோடு வாளி இடிக்கிற சத்தம். ஈர மண்ணில் வெறுங்கால்... சப்... சப்... நிறையக் கால்கள். ஆனால் புல் அசையவில்லை. ஒரு தாள்கூட மடங்கவில்லை.

யாரோ இருமினார்கள். கருப்பம்மாளுக்கு அந்த இருமல் தெரியும், அப்பாவு கங்காணியுடையது.

"முத்தம்மா."

"இருக்கேன்."

"காளியம்மா."

"இருக்கேன்."

"சன்னாசி."

"...இருக்கேன்."

அமெரிக்காக்காரி கையைத் தட்டினாள். எவ்வளவு அருமையாக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்றாள். துரைக்குக் கொஞ்சம் குழப்பம்தான். ஆனால் பாராட்டை யார் வேண்டாமென்பார்கள்? ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிதான் ஆளை ஒளித்துவைத்து வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து அவனும் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"கருப்பம்மா."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களை, செத்த தூக்கத்தில் கிடந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். "இருக்கேன்" என்றுதான் வாய் சொல்லும். மனசு சொல்கிறதில்லை, வாய் சொல்லிவிடும். அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"கருப்பம்மா."

இந்தத் தடவை கிட்டத்தில் கேட்டது. பத்துமலை ஓடிவந்து அவள் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தான். அவள் உதறினாள். ஓடினால் பின்னாலேயே வரும், அது அவளுக்குத் தெரியும். தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் களத்துக்கு நேராகப் போய் நின்றாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் போய் நின்றாள்.

"கருப்பம்மா இல்ல. பேர வெட்டுங்க கங்காணி."

இருமல். "கருப்பம்மா."

"இல்லன்னு சொல்றேன்ல. என் புருஷன எடுத்துக்கிட்டீங்க, அது போதும். எனக்குப் புள்ள இருக்கு. செத்தாலும் இந்த வரிசையில வந்து நிக்க மாட்டேன்."

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் ஒரு ஆயா இப்படிக் கத்தி வேடிக்கையைக் கெடுக்கிறாளே என்று கோபம். "ஆயா, வாய மூடு" என்றான். பிறகு சிநேகிதர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கூலி மாதிரி கையைக் கட்டினான், தலையைக் குனிந்தான், பெண் குரலில் இழுத்துச் சொன்னான்.

"இருக்கேன்..."

அமெரிக்காக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கங்காணியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"ஆள் சரி."

உடனே மழை கொட்டியது.

மறுநாள் விடிகிறபோது துரை படுக்கையில் இல்லை. மூன்றாம் டிவிஷனில்தான் கண்டுபிடித்தார்கள். ராத்திரி உடுப்போடு, வெறுங்காலோடு, கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பங்களாவில் பூட்டி வைத்தார்கள், ஆஸ்பத்திரியில் கட்டி வைத்தார்கள். எங்கே வைத்தால் என்ன, பெரட்டு நேரத்துக்கு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு "இருக்கேன்" என்பான். யார் பேருக்கு என்று டாக்டர் கேட்டால் சொல்வான், "கருப்பம்மா."

அது யார் என்று கிராணி துரைசாணியிடம் சொல்லிவிட்டான். அவள் சமையல்கட்டுக்கே வந்துவிட்டாள், கண்ணெல்லாம் வீங்கி. "ஆயா, நீ வா. ஒரு தடவ வந்து இருக்கேன்னு சொல்லு. அவர விட்டுடுவாங்க."

கருப்பம்மாள் அடுப்பை விட்டு எழுந்தாள். "அம்மா, நீங்க அழுவுறது எனக்குத் தாங்கல. நானும் இப்படித்தான் அந்தச் சங்கிலிகிட்ட நின்னு அழுதேன். எம் புருஷன ஆஸ்பத்திரிக்கு விடுங்கன்னு கெஞ்சுனேன். தொரை குதிரை மேல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு. நான் வர மாட்டேன்மா."

கல் நெஞ்சுக்காரி என்கிறவன் சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்லமாட்டேன். அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே தோட்டத்தை விட்டு வெளியேறினாள். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் அறை எடுத்தாள். துரையைப் பினாங்கில் கப்பல் ஏற்றினார்கள். ஏறினான், இறங்கவில்லை. நடுக்கடலிலேயே கதை முடிந்துவிட்டது.

அந்தச் சேதி வருவதற்கு முன்பே இவள் கதவு தட்டப்பட்டது.

விடியற்காலை. மூடின கதவுக்கு வெளியே குளிரில் பல் அடித்துக்கொள்கிற சத்தம். உப்புத் தண்ணீர் வாடை. வெள்ளைக்காரத் தமிழில் ஒரு குரல், கெஞ்சுகிற குரல். "ஆயா... உன் பேர் நீ எடுத்துக்கோ..." அவள் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டே பதில் சொல்வாள், "கருப்பம்மா இல்ல." போய்விடும். அடுத்த நாளும் வரும். "இல்ல" என்பாள். தினம் இப்படியே. அவள் ஒரு நாளும் கதவைத் திறந்ததில்லை.

ஒரு நாள் அந்தக் குரல் ஆயா என்று கூப்பிடவில்லை.

"பாப்பா..." என்றது.

பாயில் கிடந்த பிள்ளை தூக்கத்திலேயே வாயைத் திறந்தது. கருப்பம்மாள் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்காமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இன்னொரு கையில் பாராங் கத்தியை எடுத்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

"இவ பேரு எந்தப் பெரட்டுலயும் இல்ல. இனிமேலும் இருக்காது. போய் உன் எடத்துல நில்லு."

அதற்கப்புறம் இன்றுவரை அது வரவில்லை. அன்றைக்கு வெளியே என்ன பார்த்தாய் என்று நான் ஒரு தரம் அவளிடம் கேட்டேன். சொன்னாள். வாசலில் துரை நின்றானாம், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட. இவளைப் பார்த்ததும் நிலைப்படியில் காலை வைக்கப் பார்த்தானாம். முடியவில்லையாம். பின்னால் இருட்டிலிருந்து ஒரு கை வந்து அவன் பிடரியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்தக் கை மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. காய்ச்சல் இறங்கவேண்டும் என்று சன்னாசிக்கு அவளே கட்டிவிட்டது.